வெளிச்சம் எட்டாத நித்திரை

மதியச் சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். என் கணவர் விடிந்துவிட்டதென்று பல் விளக்கப் போனார். நான் கவனித்த முதல் அறிகுறி அதுதான்.

கடைசி யுத்தத்தில் இரண்டு கண்ணும் போனவர். வெளிச்சம்கூடத் தெரியாது. அவருடைய நித்திரை நாளுக்கு நாள் பிந்திப் பிந்திப் பகலுக்குள் வந்துவிடும். பிறகு தானாகவே இரவுக்குத் திரும்பும். சுகம் வந்துவிட்டதென்று கோயிலுக்கு நேர்த்தி வைத்ததை நிறைவேற்றி முடிப்பேன், மறுபடி தொடங்கும். மகளின் கலியாணத்தில் கன்னிகாதானம் செய்யும்போதே அவர் தலை தொங்கியது. குடித்திருக்கிறார் என்று எங்கள் ஊர் தர்மபுரம் முழுக்கக் கதை.

வன்னியில் எந்த நோய் வருத்தத்துக்கும் யுத்தத்தைத்தான் காரணம் சொல்வோம். "பயம் இன்னும் விடேல்லை" என்றார்கள். நானும் நம்பினேன். தீபாவளிக்கு வெடி கொளுத்திய பக்கத்து வீட்டாரோடு சண்டைகூடப் பிடித்தேன். பாவம் அவர்கள்.

வவுனியாவில் ஒரு பெண் மருத்துவர்தான் வேறு கேள்வி கேட்டார். "ஐயா, பகலோ இரவோ எண்டு எப்பிடி அறியிறனீங்கள்?"

"சேவலை நம்பேலாது டொக்டர். இவா சொன்னால்தான்" என்று இவர் என் பக்கம் கை காட்டினார்.

மெலட்டோனின் (இருட்டியதும் மூளையில் சுரந்து, இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் இரசாயனம்) பற்றி மருத்துவர் விளக்கினார். கண்ணில் படும் வெளிச்சம்தான் அதற்கு நேரம் காட்டுகிறதாம். பிறந்த குழந்தைக்குச் சில மாதம் அது ஒழுங்காகச் சுரக்காது, சிறுவயதில் நிறையச் சுரக்கும், பதின்வயதில் பிந்தும், வயது போகக் குறையும். இவருக்குச் சுரக்கிறது, நேரம்தான் தவறுகிறது.

மருத்துவர் தந்த மெலட்டோனின் குளிசையை (மாத்திரையை) தினமும் ஒரே நேரத்தில் கொடுத்தேன். சில மாதங்களில் அவர் ஊரோடு உறங்கி ஊரோடு எழும்பினார். இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், எங்களைப்போல் வருடக்கணக்காகப் பொறுத்திராமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆனால் எனக்கு நித்திரை போய்விட்டது. அவர் விழித்த நேரமெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கூட இருந்தே பழகிய உடம்பு.

"எனக்கும் அந்தக் குளிசையைத் தாங்கோ டொக்டர்."

"தாறன் அம்மா. ஆனால் பெரிசா நம்பாதேங்கோ. வயசும் போட்டுது, இவ்வளவு காலமும் நித்திரையை முறிச்சும் போட்டியள்."

குளிசை என்னிடம் வேலை செய்யவில்லை. கோபம் வருகிறது, யாரைக் கோபிப்பது?

இரவு முழுக்க அவருடைய நல்ல நித்திரையைக் கேட்டபடி கிடக்கிறேன். விடிந்த பிறகுதான் கண் மூடுகிறது. அவர் குளித்துவிட்டு வந்து கட்டிலில் அமர்ந்து என் தோளைத் தடவுகிறார்.

"இஞ்சேரும், எழும்பும். வெயில் ஏறீட்டுது. வாரும், கொஞ்ச நேரம் கதைச்சுக்கொண்டிருப்பம்."

"ஓம்" என்கிறேன். எழும்ப முடியவில்லை. இத்தனை வருடம் நான் ஆசைப்பட்டது இந்த ஒரு காலைக்குத்தான்.