மாவிலங்கடி ஞானேஸ்வரன்

பின் சீட்டில் பெல்ட் கொழுவுகிற சத்தம் கேட்டதும் ஞானேஸ்வரனின் பார்வை பின்னால் பார்க்கிற கண்ணாடிக்குப் போகும். லண்டன் மோர்டன் ஸ்டேஷன் வாசலில் அவருடைய டாக்ஸியில் ஏறியது தமிழ் முகமாக இருந்தால் முதல் சிவப்பு விளக்கு மட்டும் பொறுப்பார். விளக்கில் கார் நின்றதும் தொடங்குவார்.

"தம்பி எவடம்?"

பெடியன் டூட்டிங் என்பான், இல்லாவிட்டால் மிட்சம் என்பான்.

"அது நீர் இருக்கிற இடம். நான் கேக்கிறது உம்மடை ஆக்களின்ரை இடம்."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்குத் தப்ப வழியில்லை. தகப்பனின் ஊர், தாயின் ஊர், தாயின் தமையன் எங்கே கட்டினவர், அந்த மனுசியின் தகப்பன் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவரோ, இல்லை அவரின் தம்பியோ. கொலியர்ஸ் வூட் தாண்டுவதற்குள் உறவுமுறை வந்துவிடும். "அப்ப நீர் எனக்குப் பெறாமகன். இனி அங்கிள் எண்டு சொல்லாதையும், பெரியப்பா எண்டு சொல்லும்." பாதிப் பேர் சிரித்துக்கொண்டு, "ஓகே பெரியப்பா" என்று இறங்கிப் போவார்கள். மற்றப் பாதிப் பேர் அடுத்த முறை வேறு டிரைவரைக் கேட்பார்கள்.

ஆள் ஒல்லி. மகளுக்குக் கல்யாணம் பேசின வருசம் ஐம்பத்தேழு வயது. பத்து வருசம் பெட்ரோல் ஷெட்டில் நின்றார், அதற்குப் பிறகு மினிகேப். மாரியோ கோடையோ தலையில் ஒரு நீலக் கம்பளித் தொப்பி. வெயிலில் வியர்வை வடிந்தாலும் கழற்ற மாட்டார். "என்னத்துக்கு இந்தக் குளிர்த்தொப்பி" என்று கேட்டால், "குளிருக்கில்லை" என்பார், அதோடு கதை முடிந்துவிடும். அவர் மனைவி சுலோச்சனாதான் எனக்கு உடைத்துச் சொன்னாள்.

"காதண்ணை. சுளகு மாதிரி ரண்டு காது. கலியாணத்தண்டு தலைப்பாகையை இறக்கிக் கட்டி எங்களைப் பேய்க்காட்டிப் போட்டார்."

சொந்தத்தை அவர் கணக்குப் பார்க்கிற விதமே வேறு. மற்றவர்கள் விரல் மடிப்பார்கள், அவர் லண்டன் ரோட்டு நம்பராகச் சொல்வார். "உம்மடை தாத்தா ஏ இருபத்திநாலு. என்ரை தாத்தா ஏ மூண்டு. ரண்டும் கிளாப்பமிலை வந்து சேருது பாரும், அதுதான் பூட்டன்." கல்யாணம் முறிந்தால் அது ரோட்டு வேலை நடக்கிற இடம். பிள்ளை இல்லாமல் போனவர்கள் முட்டுச்சந்து. தன்னுடைய வழியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

ஏனென்றால் அவர் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அந்தத் தகப்பன் தன் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. சுலோச்சனாவுக்கு இருந்த ஒரே தமையனும் பிள்ளை குட்டி இல்லாமல் போய்ச் சேர்ந்தார். ஊருக்கெல்லாம் சொந்தம் பிடித்துக் கொடுக்கிறவருக்கு காரில் பிடிக்கிற அந்தப் பெறாமக்கள் எல்லாம் எட்டத்து உறவு. சபையில் கிட்ட நின்று உரிமை கொண்டாட ஒருவருமில்லை. நானும் அவரும் ஒரே ஊர். ஆனால் சொந்தமில்லை. அதை அவர் எல்லாப் பக்கத்தாலும் ஓடிப் பார்த்துவிட்டார். என்னை அண்ணை என்று கூப்பிடுவது முறைக்கில்லை, வயசுக்கு.

சபையில் ஆளில்லை என்பது அவருக்கு உறைத்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. மகள் மேனுஷாவுக்கும் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிற கிருஷாந்துக்கும் கல்யாணம் சரிவந்தது. பிள்ளைகள் தாங்களே விரும்பியது, அதில் ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளையின் தாய் வசந்தமலர் கதைத்த கதைதான் முள். மண்டபத்தைப் பற்றிப் பேசப் போன அன்றைக்குத் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துக்கொண்டே கேட்டாவாம்.

"எங்கடை பக்கம் மண்டபம் கொள்ளாது அண்ணை. உங்கடை பக்கம் ஒரு வரிசைக் கதிரை போட்டாக் காணும், என்ன? அதுசரி, மாப்பிள்ளைக்குக் கால் கழுவ ஆர் நிக்கிறது? பொம்பிளைக்குத்தான் தம்பி தமையன் ஒருத்தருமில்லையே. வேணுமெண்டா எங்கடை பெடியளிலை ஒருத்தனைத் தாறன்."

மாப்பிள்ளையை வாசலில் மறித்துக் கால் கழுவிக் கூட்டி வருவது பெண்ணின் சகோதரன் வேலை. அதற்கு மாப்பிள்ளை வீட்டிலேயே ஆள் கடன் வாங்குவதென்றால், சபையில் பெண்ணுக்கு ஒரு நாதியுமில்லை என்று மேளம் அடித்துச் சொன்ன மாதிரி. ஞானேஸ்வரன் தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழும்பினார். "ஆள் இருக்கு. நேரத்துக்கு வருவினம்" என்று மட்டும் சொன்னாராம்.

ஆள் இல்லை. ஆனால் ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தாத்தாவுக்கு ஒரு தம்பி, கதிரேசு என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் டொக்டருக்குப் படிக்கக் கப்பல் ஏறினவர். இங்கே ஒரு வெள்ளைக்கார நேர்ஸைக் கட்டினார் என்று சேதி போனதும், தாத்தா கடலில் போய்த் தலைமுழுகிவிட்டு வந்து, "எனக்கு இனித் தம்பி இல்லை" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயரே எடுப்பதில்லை. எங்கே இருந்தார், பிள்ளைகள் உண்டா, ஒன்றும் தெரியாது.

அந்த வழியைத் திறந்துவிட்டது இளங்கோவன் என்கிற மலேசியாக்காரர். பல் டொக்டர். இங்கே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஒரு பின்னேரம் காரில் ஏறினார். வழக்கமான விசாரணை நடந்தது, சொந்தம் சேரவில்லை. சும்மா இருக்க முடியாமல் அவர் வேல்ஸ் பக்கம் லாண்டவரி என்ற சின்ன ஊருக்கு லீவில் போய்வந்த கதையைச் சொன்னார்.

"அங்க ஒரு வீடு சார். கேட்டுல கல்லுல பேரு செதுக்கியிருக்கு, மாவிலங்கடின்னு. நம்ம பாஷை மாதிரி இருக்கேன்னு நான் தங்கியிருந்த வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். அவ சிரிச்சா. யாரோ பழைய டாக்டர் வீடாம்."

ஞானேஸ்வரன் பஸ் பாதையில் காரை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடிக்க, அடிக்க, அவர் திரும்பி அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எங்கள் பக்கத்தில் காணி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. மாவிலங்கடி என்பது மாவிலங்கை மரம் நின்ற வளவு. ஊரில் அந்தப் பெயரில் ஒரே ஒரு வளவு. அதில்தான் ஞானேஸ்வரனின் பரம்பரை பிறந்தது.

கல்யாணம் ஆவணியில். ஆனி மாதத்து ஒரு காலைப்பொழுதில் என்னைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டார். கல்யாணம் சொல்ல ஒற்றை ஆளாய்ப் போகக் கூடாது, சுலோச்சனாவுக்கு ஷிப்ட். பின் சீட்டில் ஒரு வாழைக்குலை, பலகாரப் பெட்டி, சந்தனம் குங்குமத்தோடு தட்டு. எம் ஃபோர் பெருந்தெருவில் போனால் கெதியாகப் போகலாமே என்றேன்.

"சொந்தம் தேடிப் போகேக்கை குறுக்காலை போகக் கூடாதண்ணை. இந்த ஏ நாப்பது லண்டனிலை துடங்கி அந்த ஊருக்குள்ளையே போகுது. எங்கடை ஆக்கள் இவ்வளவு காலமும் ஒரே ரோட்டிலை இருந்திருக்கிறம், தெரியாமல்."

ஒக்ஸ்ஃபோர்ட், குளொஸ்டர் எல்லாம் அந்த ஒரே ரோட்டில் வந்து வந்து போயின. பிறகு மலை. மலை முழுக்கச் செம்மறி. லாண்டவரியில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், இரண்டு தெரு, ஒரு ஆற்றுச் சத்தம். வீட்டைக் கேட்டதும் கடைக்காரி கையைக் காட்டினாள். இளங்கோவன் சொன்ன மாதிரியே கல்லில் வெட்டின பெயர். ஆங்கில எழுத்து. பாசி பிடிக்கவில்லை; யாரோ தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

கதவைத் திறந்தவர் எழுபது தாண்டின மனிதர். கம்பளிச் சட்டை, தட்டைத் தொப்பி. நாங்கள் வாழைக்குலையோடு நிற்கிறதைப் பார்த்துவிட்டு, சாமி விற்க வந்தவர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஞானேஸ்வரன் ஆங்கிலத்தில் கனக்கச் சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை. அப்போதுதான் தலையிலிருந்த நீலத் தொப்பியைக் கழற்றினார்.

அந்த மனிதர் அவர் காதைப் பார்த்தார். பிறகு தானும் தன் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பக்கமும் சுளகு.

அவர் பெயர் எம்ரிஸ். டொக்டர் கதிரேசுவின் ஒரே மகன். ஞானேஸ்வரனுக்குக் குஞ்சியப்பா, அதாவது சித்தப்பா முறை. "அப்பா இதை ஒரு மரம் என்று சொன்னார். இங்கே அந்த மரம் இல்லை. தபால்காரன் அதைப் பிழையாக எழுதின வெல்ஷ் பாஷை என்று நினைக்கிறான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். தகப்பனின் ஊரில் தங்களை யாராவது நினைப்பார்கள் என்று ஒருவருமே சொன்னதில்லையாம். ஞானேஸ்வரன் தலைமுழுகின கதையை மறைக்காமல் சொன்னார். கிழவர் கேட்டுவிட்டு, "இங்கேயும் அம்மாவின் ஆட்கள் அப்படித்தான் செய்தார்கள், தண்ணீர் இல்லாமல்" என்றார்.

பின்னேரம் மருந்துக் கடை வேலை முடிந்து எம்ரிஸின் மகள் மெகன் வந்தாள். பின்னாலேயே அவள் மகன் ரீஸ், செம்மறிக்கு மயிர் கத்தரித்துவிட்டு வந்தவன், கதவு நிலையில் தோள் முட்டுகிற பெடியன். ஞானேஸ்வரனுக்கு முகமெல்லாம் பல். எழும்பி அவன் இரண்டு கையையும் பிடித்து, மேனுஷாவின் சகோதரனாக வந்து நின்று மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும் என்று கேட்டார். பெடியன் தாயைப் பார்த்தான், தாய் தலையாட்டினாள், அவனும் சரி என்றான்.

திரும்பி வரும்போது பாட்டுக் கூடப் படித்தார். பிறெக்கன் ஊர் தாண்டினதும் பாட்டு நின்றது. ரோட்டோரத்தில் காரை ஒதுக்கினார்.

"அண்ணை. மெகன் எனக்கு என்ன முறை?"

"தங்கச்சி."

"தங்கச்சின்ரை மோன்?"

"மருமோன்."

"அப்ப மேனுஷாவுக்கு?"

எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

"முறை மச்சான்" என்றார், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு. "கட்டுற உரிமை உள்ளவனைப் பிடிச்சுத் தமையனாய் நில் எண்டிட்டன். லண்டன் முழுக்க ரோட்டுச் சொன்னவன், என்ரை வீட்டு ஒழுங்கையிலை பிழையாய்த் திரும்பிட்டன். வசந்தமலர் அறிஞ்சா, இவைக்கு ஆளுமில்லை முறையும் தெரியாது எண்டு ஊரெல்லாம் சொல்லுவா."

நான் எங்கள் ஊர்ப் பழைய வழக்கம் ஒன்றை எடுத்துச் சொன்னேன். முறை மச்சான் இருக்க வெளியில் மாப்பிள்ளை எடுத்தால், கல்யாணத்தன்று அந்த மச்சான் வாசலை மறிப்பான். மாப்பிள்ளை பகுதியில் பெரிய ஆள் ஒருவர் வெற்றிலைத் தட்டோடு வந்து அவனைக் கேட்க வேண்டும். கேட்டால் விலகுவான். சண்டைக்கில்லை, பெண்ணின் மரியாதைக்கு. நான் சின்ன வயதில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

"கேள்விப்பட்டிருக்கிறன். லண்டனிலை ஒருத்தரும் செய்யேல்லையே."

"ஆரின்ரை மச்சான் இஞ்சை நிக்கிறான்? எல்லாரும் கனடாவிலை எல்லோ."

அவர் நெற்றியை எடுத்தார். தொப்பியைச் சரிப்படுத்தினார். காரைத் திருப்பினார். போனில் சொல்லலாமே என்றதற்கு, "முறையைப் போனிலை மாத்தக் கூடாது" என்றார். மறுபடி லாண்டவரி. ரீஸைக் கூப்பிட்டு, நீ சகோதரன் இல்லை, அவளைக் கட்ட உரிமைக்காரன் என்று விளக்கினார். பெடியன் காதெல்லாம் சிவந்து, தனக்கு ஒரு கேர்ள்பிரண்ட் இருக்கிறாள் என்றான்.

"கட்டத் தேவையில்லை. வாசலை மறிச்சாக் காணும்."

"மறிக்கிறதா? நான் ரக்பி விளையாடுகிறவன்" என்றான் பெடியன்.

மேனுஷாவிடம் சொன்னபோது ஞானேஸ்வரனுக்குக் கொஞ்சம் பயம், பிள்ளை கோபிப்பாளோ என்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, கிருஷாந்துக்குச் சொல்லாதேங்கோ. ஐ வோண்ட் டு சீ ஹிஸ் ஃபேஸ்." கால் கழுவுகிற பொறுப்பைப் பெட்ரோல் ஷெட் கூட்டாளி லோகனின் மகன் எடுத்துக்கொண்டான். அது இப்போது சின்ன விஷயமாகிவிட்டது.

கல்யாணத்தன்று மேளதாளத்தோடு மாப்பிள்ளை வாசலுக்கு வந்தார். லோகனின் மகன் காலைக் கழுவி விலகினான். அவன் விலகின இடத்தில், பட்டு வேட்டியும் சால்வையுமாக, அந்த வாசலை முழுக்க நிரப்பிக்கொண்டு ரீஸ் வந்து நின்றான். இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டான்.

"ஆரிந்த வெள்ளை?" என்றா வசந்தமலர். "செக்கியூரிட்டியோ?"

"இல்லை" என்றார் ஞானேஸ்வரன். "பொம்பிளையின்ரை முறை மச்சான். என்ரை தங்கச்சின்ரை மோன். அங்கை சீலை உடுத்து நிக்கிறா தங்கச்சி. பக்கத்திலை என்ரை குஞ்சியப்பா."

எம்ரிஸ் எழும்பிக் கும்பிட்டார். தொப்பி இல்லை. ஞானேஸ்வரனும் அன்றைக்குத் தலையில் ஒன்றும் வைக்கவில்லை. சபை இரண்டு சோடிக் காதையும் மாறி மாறிப் பார்த்தது. ஒருவரும் சாட்சி கேட்கவில்லை.

ரீஸுக்கு ஞானேஸ்வரன் ஒரே ஒரு தமிழ் வசனம் பழக்கியிருந்தார். அவன் அதை மலைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"என்னைக் கேட்டனீங்களோ?"

சபை கொல்லென்று சிரித்தது. மாப்பிள்ளைப் பகுதிக் கிழவர் ஒருவர், "கேக்கத்தான் வேணும், அது முறைதானே" என்று தொடையில் தட்டினார். கிருஷாந்தின் முகத்தைத் திரை விலக்கிப் பார்த்த மேனுஷாவின் சிரிப்பு உள்ளேயிருந்து கேட்டது.

வசந்தமலர் ஞானேஸ்வரனைப் பார்த்தா. "அண்ணை, உங்கடை ஆளுக்குச் சொல்லுங்கோவன். நேரம் போகுது."

"நான் சொல்லேலாது. மச்சான்காரன் எல்லோ, அவன்தான் விடவேணும்."

அந்த மனுசி சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினா. யாரோ நீட்டின வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் போய் நின்றா. அவவின் குரல் சபைக்குக் கேட்கவேண்டுமே என்று மேளகாரர் வாசிப்பை நிறுத்தப் போனார்கள். ஞானேஸ்வரன் அவர்கள் பக்கம் திரும்பி, சுட்டுவிரலைத் தூக்கி, ஆறுதலாக ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்: இன்னும் கொஞ்சம் வாசியுங்கோ, நிக்கட்டும்.