நான்கு எல்லைக்கும் கீழே

போன மாதம் வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டினோம். புதையலுக்கு இல்லை. மனைவிக்கு ஓர் அறை கட்ட.

கோமதிக்கு முட்டியில் ஆபரேஷன். எங்கள் படுக்கையறையோ மாடியில். அதனால் ஹாலிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறாள். கூரியர்காரர் வந்தாலும் எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்ய வேண்டும். கீழே கதவு வைத்த ஓர் அறை... அவ்வளவுதான் அவள் கேட்டது.

வீடு இலஞ்சியில். மனையை விற்றவர் என் பெரியப்பா மகன் மணி அண்ணன். குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறார். "சொந்தக்காரன் பக்கத்துல இருக்கது நல்லதுலா, தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார். அண்ணனிடம் வாங்கும்போது மண்ணை யார் பார்ப்பார்கள்? அண்ணன் முகத்தைப் பார்த்தோம், வாங்கினோம். முன்பக்கம் கெட்டித் தரை. வீடு கட்டும்போது ஒரு சந்தேகமும் வரவில்லை.

இப்போது வந்த இன்ஜினியர் செல்வி, தென்காசிக்காரர். கறாரானவர். "மண்ணப் பாக்காம பிளான் போட மாட்டேன் சார்" என்றுவிட்டார்.

முழங்கால் ஆழம் வரை நல்ல செம்மண். அதற்குக் கீழே கறுப்பு. களிம்பு போல வழவழப்பு, உடைந்த நத்தை ஓடுகள், ஒரு வாடை. இன்னும் கொஞ்சம் வெட்டியதும் தண்ணீர் கசிந்தது. செல்வி ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். கயிறு மாதிரி நீண்டது.

"தண்ணி கெடந்த எடம் சார் இது. குளமா இருக்கும். மேல செம்மண்ண அடிச்சு மூடியிருக்காங்க."

"அஸ்திவாரத்தக் கொஞ்சம் ஆழமாப் போட்டா?"

"மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். புது ரூம் எறங்கும்போது பழைய சுவரையும் இழுத்துக்கிட்டு எறங்கும். பைல் போடலாம், ஆழமாத் தொளச்சுக் கான்கிரீட் தூண் எறக்குறது... அந்த மெஷின் ஒங்க சந்துக்குள்ள வராது."

கோமதி பின்வாசலில் வாக்கரைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் குற்றாலம் போனேன். சாரல் சீசன். ஈரத் துண்டும் எண்ணெய் வாசனையுமாக லாட்ஜ் முழுக்கக் கூட்டம். அண்ணன் கவுண்டரில் இருந்தார்.

"அண்ணே, வீட்டுக்குப் பின்னால குளம் இருந்துச்சாமே?"

"எவம்லே சொன்னான்? குளமெல்லாம் கெடையாது. சின்ன ஓடைதான்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. எனக்கும்.

"தெரிஞ்சேதான் வித்தீயளா?"

"நீ கேக்கலியே, தம்பி."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பீயளா?"

அண்ணன் திரும்பி, பக்கத்தில் நின்றவரிடம் ரூம் சாவியை நீட்டினார்.

பத்திரத்தில் நான்கு எல்லையையும் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். வடக்கே யார் மனை, கிழக்கே எந்தப் பாதை... கீழே என்ன இருக்கிறது என்று எந்தப் பத்திரமாவது சொல்கிறதா? அந்த இடத்தை நம்பிக்கையின் பேரில் வெற்றாக விட்டுவிடுகிறோம். விற்பவருக்கு அது வசதி.

அடுத்த வாரம் அண்ணனே போன் செய்தார். "அந்தக் குழிய மூடிரு, தம்பி. பக்கத்து மனையப் பாக்க ஆளு வாறாங்க."

பக்கத்து மனையும் அவருடையதுதான். அதே ஓடை அதற்கு அடியிலும் போகிறது.

நாளைக்கு நல்லது கெட்டதுக்கு முகத்தில் விழிக்க வேண்டுமே — குழியை மூடிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கோமதி யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓர் இளம் தம்பதி வந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண் மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சமையக்கட்ட இங்கன வச்சிக்கிடலாம்" என்று கணவனுக்குக் காட்டினாள். கோமதி வாக்கரை உந்தி உந்திக் காம்பவுண்டுச் சுவர் வரை போனாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு குழி கெடக்கு, தாயி. அத எட்டிப் பாத்துட்டு வெலயப் பேசுங்க."

பார்த்தார்கள். அந்தப் பெண் கோமதியின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். அதன்பிறகு வரவில்லை.

எங்களுக்கு அறை வரப்போவதில்லை. ஹாலுக்குக் குறுக்கே ஒரு திரை தொங்கவிட்டிருக்கிறோம். காற்றடித்தால் அதுவும் விலகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அண்ணனிடமிருந்து போன். "சொந்தக்காரன் செய்யுத வேலையா இது, ஏலே?"

நல்ல கேள்விதான். யார் யாரிடம் கேட்பது என்பதில்தான் குழப்பம்.