ஆன்றோவின் குரலில் மீன் விற்றோம்

இணையத்தில் மீன் விற்பவர்களுக்கு மீனைவிடப் பெரிய தொல்லை தொலைபேசிதான். நாள் முழுக்க வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லி வயிறு வளர்க்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என் முதலாளி மெர்சி என்னைவிட மிகவும் இளையவள். துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் பார்த்த வேலை போன பிறகு, ஐம்பது தாண்டிய என்னை நம்பி ஒரு நாற்காலி கொடுத்தவள். முதலில் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தானே வீடு வீடாகப் போனாள். பிறகு திரேஸ்புரத்தில் ஒற்றை அறை பிடித்தாள், செயலி ஒன்று செய்யவைத்தாள். படகு கரை சேர்ந்ததும் கணினியில் ஒரு பொத்தானை அழுத்துவோம். உடனே வாடிக்கையாளர் எல்லோருடைய கைபேசியிலும் அவள் கணவன் ஆன்றோவின் குரல் ஒலிக்கும்: "நான் கரைக்கு வந்தாச்சு. மீனு துடிக்குது, வாங்க." படகிலிருந்து இறங்கிய ஈரத்தோடு அவன் ஒருமுறை பேசிப் பதிந்தது. பின்னால் அலைச் சத்தமும் இருக்கும். அந்தக் குரலுக்காகவே எங்களிடம் வாங்கியவர்கள் உண்டு.

இமைக்காத கண்

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து புதிதாக ஒருவர் விளமீன் வாங்கினார். மீனைத் தலையோடுதான் அனுப்புவோம். கண்ணைப் பார்த்துத்தான் புதுமீனா என்று அறிய வேண்டும் என்பது மெர்சியின் பிடிவாதம். பெட்டியைத் திறந்த சூட்டோடு அவர் கூப்பிட்டார். பக்கத்திலிருந்த ஆன்றோ, ஸ்பீக்கரில் போடச் சொன்னான். மீன் கெட்டிருக்கிறதா என்றேன். இல்லையாம். எடை குறைவா? அதுவும் இல்லை. பிறகு, மீனின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அண்ணாச்சி, நான் எந்தப் பக்கம் போனாலும் அது என்னையத்தான் பாக்குது. இமைக்கவே மாட்டேங்குது."

ஒரு காலை அழைப்பு

கிழக்கிலிருந்து கொண்டல் காற்று பலமாக வீசிய ஒரு நாளில் ஆன்றோவின் படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தார்கள். ஆன்றோ கிடைக்கவில்லை. எல்லாப் படகுகளும் போய்த் தேடின; உடலும் கிடைக்கவில்லை.

அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு நாள் மெர்சியே திறந்தாள். "நம்மள நம்பி இருக்க மத்த படகுக்காரங்க என்ன செய்வாங்க அண்ணாச்சி?" என்றாள். அன்று காலை அவர்கள் கரை சேர்ந்ததும், பழக்கத்தில் நான் பொத்தானை அழுத்தினேன். குரலைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. என் சட்டைப் பையிலிருந்தும், மேசையிலிருந்தும், வெளியே டீக்கடையிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆன்றோ பேசினான்: "நான் கரைக்கு வந்தாச்சு." மெர்சி எழுந்து வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாரை எதிர்பார்த்து நான் திரும்பினேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அதற்குள் தொலைபேசி மணி அடித்தது. ஓட்டப்பிடாரத்து வாத்தியார், எங்கள் பழைய வாடிக்கையாளர். அவருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"ஆன்றோ வந்துட்டானாமே! இப்பத்தான் என் காதால கேட்டேன். போன அவன்ட்ட குடுங்க அண்ணாச்சி!"

நாலாவது ஆள்

குரலை மாற்றிவிடலாம் என்றேன். சென்னையில் செயலியைக் கவனிக்கும் பையனும் ஒரு நிமிட வேலைதான் என்றான். மெர்சி மறுத்துவிட்டாள். "உடம்பே கிடைக்கலல்லா? ஆளு வராம குரல எப்படி அழிக்கது?" இறந்தவர்களுக்கான பூசை பற்றிப் பேச மாதா கோயிலிலிருந்து வந்த பங்குச் சாமியாரையும் அதே பதிலைச் சொல்லி அனுப்பினாள். அவள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. ஆனால் ஒவ்வொரு காலையும் பொத்தானை அழுத்தும் முன் என் கைபேசியை அணைத்துவைத்தேன்.

பிறகு படகுக்காரர்கள் சேர்ந்து வந்தார்கள். அந்தக் குரல் நிற்காவிட்டால் இனி மீன் கிடையாது என்றார்கள். அவர்கள் மீன் தராவிட்டால் நிறுவனம் இல்லை. "நான் தெருவுல நின்னாலும் சரி, அழிக்க மாட்டேன்" என்றாள் மெர்சி. முன்னால் நின்ற மிக்கேல், அன்று ஆன்றோவோடு போய்ப் பிழைத்தவன். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னான்:

"மூணு பேருதான் போறோம் அண்ணாச்சி. கரையில காலு வைக்கும்போது சுத்தியும் அவன் குரலு. கரை ஏறுதது நாலு பேரு மாதிரி இருக்கு. திரும்பிப் பாக்கப் பயமா இருக்கு."

கூண்டு ஏற்றிய நாள்

அந்த வாரமே துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள். ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. பிற்பகலில் நானும் மெர்சியும் அலுவலகத்தின் பின்புறம் காலி ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். கணினி உள்ளே இருந்தது. அதன் பக்கத்தில் யாருமில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே எங்கள் கைபேசிகளில் குரல் வந்தது. "நான் கரைக்கு வந்தாச்சு."

மெர்சி கையிலிருந்த பெட்டியைப் போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் கடற்கரைக்கு ஓடினாள்.

எங்கோ சிக்கிக் கிடந்த பழைய அறிவிப்பு வெளியே வந்திருக்கும் என்றான் சென்னைப் பையன். இருக்கலாம். பெட்டி கழுவப் போகும் முன் நானே நினைவில்லாமல் அழுத்தி, அது மழையில் தாமதமாகப் போயிருக்குமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் ஒன்றில் ஒரு பெண், பெயர் சொல்லாமல், மிக நிதானமாகக் கேட்டாள்:

"மீனு வேண்டாம் அண்ணாச்சி. இன்னைக்கு கடலுக்கு யாருமே போகலையே, வந்தது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

மழையில் போய் வந்தவள்

வெகுநேரம் கழித்து மெர்சி திரும்பினாள். முழங்கால் வரை மணல். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளே பேசினாள்:

"கரையில ஒருத்தரும் இல்ல அண்ணாச்சி. வந்தாச்சுன்னு போன்ல சொன்னார்னா வாசல்ல நிப்பாரு. அந்த ஒரு விசயத்துல அவரு என்ட்ட பொய்யே சொன்னதில்ல. இது அவரு இல்ல. எடுத்துருங்க."

புதிய குரல்

இப்போது ஒலிப்பது மெர்சியின் குரல். "மீன் வந்திருக்கு", அவ்வளவுதான். அலைச் சத்தம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆன்றோவுக்கான பூசை நடந்தது. மறுநாள் மிக்கேலின் படகிலிருந்து முதல் பெட்டி வந்தது.

அன்று காயல்பட்டினத்திலிருந்து ஒரு முஸ்லிம் அக்கா, அந்த ஊர் வழக்கில் லாத்தா, கூப்பிட்டார். அவர் வீட்டுக்காரர் வளைகுடாவில்; மெர்சி ஸ்கூட்டரில் போன காலத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் இவர். "குரலு மாறிட்டுதே" என்றார். ஆமாம் என்றேன். புகார் வரப்போகிறது என்று காத்திருந்தேன். பிறகு சொன்னார்:

"இத்தனை நாளும் ஆன்றோவத் திருப்பிக் கொண்டாந்து குடு ரஹ்மானேன்னு துஆ கேட்டுட்டு இருந்தேன். இனி வேற துஆ கேக்கணும். மெர்சிகிட்ட சொல்லிருங்க."

வந்துவிட்டது என்று ஊருக்கே அறிவிக்க எங்களிடம் ஒரு பொத்தான் இருக்கிறது. வரவில்லை என்று சொல்வதற்கு மட்டும் இன்னும் ஒரு மனுஷிதான் மழையில் ஓடிப் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.