நேராக நின்ற மின்வில்

புருல்கானுக்குக் கனவுகூட நீல வெளிச்சமாகத்தான் வரும். சோவியத் கிர்கிஸியாவின் ஃப்ரூன்ஸே நகரத்து ஆய்வுக்கூடத்தில், இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே எரியும் மின்வில்லை ஏழு வருடமாகக் கணக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கணினி வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் ஊரே செய்வதுபோல, வில் நேராக நிற்கிறது என்று வைத்துக்கொண்டு பாதியை மட்டும் போட்டாள். மறுபாதியும் அதேதானே! மே மாதம் ஜன்னலுக்கு வெளியே பாப்ளர் மரத்துப் பஞ்சு பறக்க, அந்தப் பாதி வில்லையே பார்த்துக்கொண்டு தேநீரை ஆறவிடுவாள். வந்த வரன்களும் அப்படியே ஆறிப்போயின. பைத்தியம்தான், வேறென்ன!

கணக்கும், சோதனை அறையிலிருந்து வரும் வில்லின் புகைப்படமும் அச்சாகப் பொருந்தின. மறுநாள் அறிஞர் சபை ஒப்புக்கொண்டால் முனைவர் பட்டம். பட்டம் வாங்குகிறவர்கள் சபைக்குப் போடும் வழக்கமான விருந்துக்கு அண்ணன் நரின் மலையூரிலிருந்து ஆட்டோடு வந்துவிட்டான்.

இன்னொரு படம் வாங்கலாமென்று, பக்கத்துச் சோதனை அறையில் அதிவேகக் கேமரா பார்க்கும் ஒரோஸ்பெக்கிடம் முதல்முறையாக நேரில் போனாள். மேசையடியில் ஒரு சாக்கு நிறையப் படச்சுருள் கிடந்தது.

"இது என்ன தம்பி?"

"குப்பைக்கா. வில்லு கோணிக்கிட்டு நின்னதெல்லாம். உங்க கணக்குல நேராத்தானே இருக்கு? அதான் நேரா விழுந்ததை மட்டும் பொறுக்கிக் குடுப்பேன்."

ஒரு சுருளை வெளிச்சத்தில் பிரித்தாள். வில் சாய்ந்தது, சுருண்டது, முனையைவிட்டு நழுவி அலைந்தது. எத்தனை அழகு! பொழுது சாய்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சபையில் கோணல் படங்களை வரிசையாக மாட்டினாள். "என் கணக்கு பத்துல ஒண்ணுக்குத்தான் பொருந்துது. மிச்ச ஒன்பதும் இதுங்க."

தலைவருக்குக் கோபம் வந்தது. "யாரும் கேக்கலியேம்மா, ஏன் சொல்றீங்க?"

"நீங்களும் பாத்திருக்க மாட்டீங்கன்னுதான்."

பெரியவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாற்காலியைவிட்டு எழுந்துவந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய் எதிராக வாக்களித்தார்கள். இரண்டு வாக்கு வித்தியாசத்தில் பட்டம் போயிற்று. ஆட்டுக்கறிக்கு மட்டும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தார்கள்.

புருல்கான் தட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தாள். அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "விடு தங்கச்சி. பட்டம் எங்க போயிடப் போவுது, இன்னொரு வருஷம் வாங்கிக்கலாம்."

"பட்டம் கெடக்குதுண்ணே. அந்த வில்லு பக்கத்து ரூம்லதான் ஆடிக்கிட்டு இருந்துச்சு, ஏழு வருஷமா. ஒரு தடவைகூட நான் எட்டிப் பாக்கலியே."