ஞாயிற்றுக்கிழமைக் கிணறு

நீச்சல் கற்றுக்கொள்ளப் போவதாக அம்மா சொன்னது ஒரு ஜீப்பில் வைத்து. குரங்கணிப் பக்கம் ஆற்றில் குளித்துவிட்டுப் போடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்கள் எல்லாருக்கும் தலை ஈரமாக இருந்தது. அம்மாவுக்குத் தலை காய்ந்திருந்தது, சேலை மட்டும் இடுப்பு வரை நனைந்திருந்தது.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. ஆற்றுக்குப் போனால் அப்பாவும் சித்தப்பாவும் பிள்ளைகளும் தண்ணீருக்குள் இறங்குவோம். அம்மா பாறையில் உட்கார்ந்து புளியோதரைத் தூக்குவாளிக்கும் கழற்றிப் போட்ட கைக்கடிகாரங்களுக்கும் காவல் இருப்பாள். அன்று என் தம்பி பாசி பிடித்த பாறையில் கால் வைத்து ஆழமான பக்கமாகச் சறுக்கிவிட்டான். முதலில் பார்த்தது அம்மாதான். ஓடி வந்து தண்ணீரில் இறங்கினாள். இடுப்பளவு வந்ததும் நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. கைகளை மட்டும் அவன் பக்கம் நீட்டியபடி நின்றாள். அதற்குள் அப்பா பாய்ந்து தம்பியின் முடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவன் கொஞ்சம் தண்ணீர் குடித்ததோடு சரி. இருமி முடித்ததும் புளியோதரை கேட்டான். யாரும் அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜீப்பு ஊருக்குள் நுழையும்போது அம்மா, "நான் நீச்சல் படிக்கப்போறேன்" என்றாள்.

சித்தப்பா சிரித்தார். அப்பா, "படி, படி. அப்படியே வக்கீலுக்கும் படிச்சிரு" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். மலையிலிருந்து வருகிற காயை வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி அனுப்புவார். எங்கள் வீட்டு முன்னறையில் மனிதர்களைவிட மூட்டைகளுக்குத்தான் இடம் அதிகம். தோட்டத்துக்காரர்கள், தரகர்கள், ஏலத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அத்தனை பேருக்கும் காபி. அதோடு, வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை அம்மா மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதும் என்று நாங்கள் எல்லாரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். "இந்தா, சாக்குத் தைக்கிற ஊசி எங்க?" என்பார் அப்பா. "மதினி, என் வண்டிச் சாவியப் பாத்தீங்களா?" என்பார் சித்தப்பா. தம்பியும் நானும் கண்ணுக்கு எதிரே கிடக்கிற பென்சிலுக்கும் அம்மாவைக் கூப்பிடுவோம். அப்படிப்பட்ட வீட்டில், இனி ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அம்மா இருக்கமாட்டாள் என்பது சின்னச் செய்தி அல்ல.

"ஞாயித்துக்கெழம கறி எடுக்கணும்ல?" என்று அப்பா கேட்டார்.

"எடுங்க. உரிச்சு, அரிஞ்சு வையிங்க. வந்து ஆக்குறேன்."

"உரிக்கிறதா? ஆட்டையா?"

"வெங்காயத்தச் சொன்னேன்."

அம்மாவின் சொந்த ஊர் தேவாரம் போகிற வழியில் இருக்கிறது. அங்கே அவளுடைய தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, ஒரு தோட்டமும் படி வைத்த கிணறும் இருந்தன. வாரமெல்லாம் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு மலையேறும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்பு ஓட்டுகிறவர் மாமா. ஞாயிறு ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. அந்த ஓய்வில்தான் அம்மா கை வைத்தாள்.

"ஏக்கா, இந்த வயசுல என்னக்கா நீச்சலு?"

"வயசுக்கு என்னடா? தண்ணி ஆள் பாத்தா தூக்குது?"

இதற்கென்றே அம்மா தளர்வாக ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையின் முதல் சுடிதார் அது. முதல் ஞாயிறு அதைப் பையில் மடித்து வைத்தபோது அப்பா பார்த்துவிட்டு, "என்ன, காலேஜு தெறந்துட்டாங்களா?" என்றார். தான் தொடங்கிய கேலியை அவர் அவ்வளவு சீக்கிரம் விடுகிறவர் இல்லை.

மாமா ஒரு காலி எண்ணெய்க் கேனின் மூடியை இறுக்கி, அம்மாவின் முதுகில் கயிற்றால் கட்டிவிட்டார். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு சின்னக் கேன். பக்கத்துத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கிணற்றைச் சுற்றி நின்றார்கள். "எங்க போட்டிக்குப் போறீக மதினி?" என்று ஒருத்தி கேட்டாள். அம்மா கடைசிப் படியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, மேல்படியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அந்தப் பிடியை அவள் விடவே இல்லை.

பிள்ளைகளான நாங்கள் சீக்கிரமே கேனைக் கழற்றிவிட்டோம். அம்மாவுக்குத்தான் வரவில்லை. தண்ணீர் மூக்கில் ஏறும், கண் சிவக்கும். ஒருமுறை திரும்பி வரும்போது பஸ்சு ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இனி போகமாட்டாள் என்றும் நினைத்தேன். அடுத்த ஞாயிறு எனக்கு முன்னாலேயே எழுந்து தலை வாரிக்கொண்டு நின்றாள்.

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கைய விடுக்கா! முழுகுனா நான் தூக்கிற மாட்டேனா?"

"நீ தூக்குறதுக்கா நான் வந்தேன்? நானா மேல வரணும். அது எப்படின்னு சொல்லு."

நீச்சலைப் பற்றி மீனுக்குத் தெரிந்த அளவுக்குத்தான் மாமாவுக்கும் தெரிந்திருந்தது. யோசித்துப் பார்த்துவிட்டு, "மூச்ச நல்லா இழுத்து நெஞ்சுல வச்சுக்க. அப்புறம் ஒண்ணும் செய்யாத" என்றார்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது அம்மாவுக்குக் கிணற்றைவிடப் பெரிய சிரமமாக இருந்தது. காலை உதைப்பாள், கையை அடிப்பாள், எதையாவது செய்துகொண்டே முழுகுவாள்.

மழை பெய்து கிணறு மேல்படி வரை நிறைந்திருந்த ஒரு ஞாயிறு. மாமா மோட்டார் அறையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அம்மா முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். கேனைப் படியில் ஓரமாக வைத்தாள். என்னைப் பார்த்து, "சொல்லாத" என்பதுபோல உதட்டில் விரல் வைத்தாள். மூச்சை இழுத்தாள். படியைக் காலால் உந்தினாள்.

முதலில் காணாமல் போனாள். பிறகு முகமெல்லாம் முடி ஒட்டியபடி மேலே வந்தாள். யாரும் கற்றுத்தராத ஏதோ ஒரு முறையில் கையையும் காலையும் போட்டு, எதிர்ச் சுவரில் இறங்கும் மோட்டார்க் குழாயைப் போய்ப் பிடித்துவிட்டாள். சத்தம் கேட்டு ஓடி வந்த மாமா படியில் கிடந்த கேனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அடிப்பாவி அக்கா!" என்று கத்தினார். அம்மா குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படி வாய் திறந்து அவள் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பல்வரிசையில் ஒரு பல் கோணலாக இருந்ததே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு அம்மா என்னோடு பந்தயம் விடுவாள், முங்கி மண் எடுப்பாள், வரும் கோடையில் ஆற்றில் எல்லார் முன்னாலும் நீந்திக் காட்டுவாள் என்றெல்லாம் நான் கணக்குப் போட்டிருந்தேன். அவளோ எதுவும் செய்யவில்லை. கிணற்றின் நடுவுக்குப் போவாள், மல்லாந்து படுப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை பாடுபட்டாள் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒருநாள் நானும் தம்பியும் குளித்து முடித்துக் கரையேறிவிட்டோம். வாடைக்காற்றில் எனக்குப் பல் கிட்டியது. துவட்டிக்கொள்ளத் துண்டைக் காணவில்லை.

"அம்மா, துண்டு எங்க?"

பதில் இல்லை. அம்மா நடுக்கிணற்றில் கிடந்தாள். கைகள் விரிந்திருந்தன. முடி தண்ணீரில் பரந்திருந்தது. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். தம்பியும் கூப்பிட்டான். எங்கள் குரல் கிணற்றுச் சுவரில் பட்டு எங்களிடமே திரும்பி வந்தது. அம்மாவின் இமைகூட அசையவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுப் பதில் வராமல் இருந்தது அதுவரை நடந்ததே இல்லை.

"மாமா! அம்மா பேச மாட்டேங்குது!"

மாமா கைலியோடு, சட்டையோடு, சட்டைப் பையிலிருந்த புதுப் போனோடு அப்படியே குதித்தார். அவர் விழுந்த அலையில் அம்மா ஒரு ஆட்டம் ஆடிக் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் தண்ணீரைத் துப்பிக்கொண்டு மாமா மிதப்பதைப் பார்த்து, "என்னடா ஆச்சு?" என்றாள்.

"புள்ளைக இந்தக் கத்து கத்துதுக, கேக்கலையாக்கா?"

அம்மா கரையில் அழுதுகொண்டு நின்ற எங்களைப் பார்த்தாள். "காதுல தண்ணி. ஒண்ணும் கேக்கல" என்றாள். பிறகு என்னிடம், "எதுக்குக் கூப்ட?" என்று கேட்டாள்.

"துண்டு."

"கழுத்துல கெடக்கு பாரு."

கிடந்தது.

போனை அரிசிக்குள் புதைத்துவைத்துப் பார்த்தார்கள். அது பிழைக்கவில்லை. மாமா அதைச் சொல்லியே பல மாதம் அம்மாவிடம் பலகாரம் வாங்கித் தின்றார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா அடுப்படியில் கண்ணீர் வடிய உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். துண்டுகள் ஏலக்காய் அளவில் அல்ல, எலுமிச்சை அளவில் இருந்தன. அம்மா அவற்றை அப்படியே குழம்பில் போட்டாள். சாப்பிடும்போது தம்பி நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும், "காதுக்குள்ள அடிக்கடி தண்ணி போனா செவிடாயிருமாம்" என்றார்.

அம்மா செவிடாகிவிடுவாளோ என்ற பயத்தில் அந்த வாரம் எனக்குப் பாடமே ஓடவில்லை. பள்ளிக்கூடத்தில் கூடப்படிக்கிறவளிடம் கேட்டேன். பஞ்சைத் தேங்காயெண்ணெயில் நனைத்துக் காதில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் போகாது என்று அவள் சொன்னாள். அடுத்த ஞாயிறு, அம்மா கிணற்றுக்குள் இறங்கும் நேரத்தில், நான் உருட்டி வைத்திருந்த இரண்டு பஞ்சுருண்டைகளை நீட்டினேன்.

"இத வச்சுக்கிட்டா காதுக்குள்ள தண்ணி போகாதும்மா. நாங்க கூப்ட்டா ஒனக்குக் கேக்கும்."

அம்மா பஞ்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு வருவதுபோலவும் இருந்தது, வேறு என்னவோ போலவும் இருந்தது. ஈரக் கையால் என் கன்னத்தைத் தடவினாள். "எந்தங்கம்" என்றாள். பஞ்சை வாங்கி, திரும்ப என் உள்ளங்கையிலேயே வைத்து விரல்களை மூடினாள். "பத்திரமா வச்சிரு, வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடுக்கிணற்றுக்குப் போய் மல்லாந்து படுத்தாள்.

முதலில் அவளுடைய காதுகள்தான் தண்ணீருக்குள் போயின.

நான் பஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தேன். ஞாபகம் வந்து கேட்பாள் என்று காத்திருந்தேன். அடுத்த வாரமும் புதிதாக உருட்டிக் கொண்டுபோனேன். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, என்னிடமே கொடுத்துவிட்டு, தண்ணீருக்குள் போய்விடுவாள்.

பாவம் அம்மா, ரொம்ப மறதி என்று நினைத்துக்கொண்டேன்.