நான் எழுதிய மருந்துப் பதிவேடு

மலேசியாவில் அசாம் ஜாவாவுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பதினோரு ஆண்டுகள் நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அதே தோட்டத்தில் என் அம்மா புல்லைக் கொல்ல மருந்தடித்தார். நான் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பேன். அவர் மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மரங்களுக்கிடையே நடப்பார். பம்பின் மூடி ஒழுங்காக மூடாது. மதியம் திரும்பும்போது சட்டையின் பின்புறம் இடுப்புவரை நனைந்திருக்கும்.

மருந்துப் பதிவேடு என் பொறுப்பு. என்ன மருந்து, யார் அடித்தார்கள், கையுறையும் முகமூடியும் கொடுத்தோமா என்று தினமும் எழுத வேண்டும். கையுறை வருடத்துக்கு ஒரு ஜோடிதான் வரும். இரண்டே மாதத்தில் கிழிந்துவிடும். முதலில் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டேன். மானேஜர் கூப்பிட்டார்.

“கொடுத்தது கொடுத்ததுதானேமா, டிக் போட்டுரு லா. காலியா இருந்தா ஆடிட்டுக்கு வர்றவன் கேப்பான்.”

போட்டேன். அதன்பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாதக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து போட்டுவிடுவேன்.

ஒரு வருடம், இரசாயனத்தால் வேலையாட்களுக்கு என்ன ஆபத்து என்று மதிப்பிட ஓர் அதிகாரி வந்தார். தமிழர், மரியாதையானவர். அன்று காலைதான் எல்லாருக்கும் புதுக் கையுறை கொடுத்திருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பக்கத்தில் நிற்க, அம்மாவிடம் கேட்டார்.

“ஆன்ட்டி, கிளவுஸ் போட்டுத்தானே மருந்து கலக்குறீங்க?”

அம்மா மண்டோரைப் பார்த்தார். “போடுவோம் சார்.”

பிறகு அந்த அதிகாரி என் மேசைக்கு வந்து பதிவேட்டைப் புரட்டினார். ரொம்ப நீட்டாக வைத்திருக்கிறீர்கள் என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மருந்தடிப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று அறிக்கை வந்தது.

நான்கு வருடம் கழித்து அம்மாவின் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய்.

“மருந்தாலயா டாக்டர்?”

“இருக்கலாம். சில மருந்து மேல சந்தேகம் இருக்கு. ஆனா ஒரு ஆளுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு சொல்றது கஷ்டம். எத்தன வருஷம், எவ்ளோ உடம்புல பட்டுச்சு, ரெக்கார்ட் இருக்கா?”

இருந்தது. தொழிலால் வந்த நோய் என்று இழப்பீடு கேட்டு நாங்கள் விண்ணப்பித்தபோது, தோட்டம் என் பதிவேட்டைத்தான் நகலெடுத்து அனுப்பியது. பக்கம் பக்கமாக என் டிக்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த டிக்கெல்லாம் பொய், நான்தான் போட்டேன் என்றேன். நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“அப்போ பொய் சொன்னீங்களா, இல்ல இப்போ சொல்றீங்களா?”

மூவரில் ஒருவர் சிரித்தார். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காரில் திரும்பும்போது கேட்டார்.

“ஏன்டி அப்படிச் சொன்ன? உன் வேலை போயிருமே.”

எனக்கு அழுகை வரவில்லை. அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. அதற்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

வேலை போனது. இப்போது புஞ்சாக் ஆலாமில் ஒரு கடையில் கல்லாவில் இருக்கிறேன். அம்மா இறந்த பிறகுதான் முடிவு வந்தது. பாதுகாப்புச் சாதனங்கள் வழங்கப்பட்டதற்கு ஆவணம் உள்ளது, தொழிலுடன் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை.

மேல்முறையீடு செய்திருக்கிறேன். சாட்சி கேட்கிறார்கள். அம்மாவோடு மருந்தடித்த ஓர் அக்காவிடம் போனேன். அவர் மகன் அதே தோட்டத்தில்தான் லோரி ஓட்டுகிறான். டீ போட்டுக் கொடுத்தார், வாசல்வரை வந்தார். சாட்சிக்கு வர முடியாது என்றார்.