சிக்னல் இருந்தது

என் எழுத்து கோணலாக இருக்கும்; பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குவைத்தில் எங்கள் கம்பெனி வேன் விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்படும். பாகிஸ்தான்காரரான டிரைவர் ‘பிஸ்மில்லா’ என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். நேபாளிகளும் வங்காளிகளும் வீட்டுக்குப் போன் போட்டு, அவரவர் சாமி பெயரைச் சொல்லிப் பேச்சை முடிப்பார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏழு வருடமாகியும் எனக்கு அது ஆச்சரியம்தான். சேலையூரில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவராக ஜெபிப்பார்கள். படித்தவர்கள் வசனங்களைக் கோத்து அழகாகப் பேசுவார்கள். என் முறை வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மனதுக்குள் நாள் முழுக்க ‘இயேசுவே’ என்பவன், நாலு பேர் காதில் விழச் சொன்னதில்லை. என் பங்கையும் மனைவி எஸ்தரே ஜெபித்துவிடுவாள்.

போன மாதம் அவளுக்கு வயிற்றுக் கட்டிக்கு ஆபரேஷன். வேனில் இருந்தபோது தாம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

“ஏங்க, ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. பயமா இருக்கு. இன்னிக்கு நீங்க ஜெபம் பண்ணுங்க. பெரிசா வேணாம், ‘ஏசப்பா’ன்னு பேரைச் சொன்னாலே போதும்.”

வேனில் பன்னிரண்டு பேர்.

“ஹலோ... கேக்கலம்மா... சிக்னல் இல்ல...” என்றேன்.

பக்கத்தில், எஸ்தர் பேசுவது காதில் விழும் தூரத்தில், அனகாபுத்தூர் ஆறுமுகம். விபூதி வைக்காமல் அறையை விட்டு இறங்காதவன்.

“இன்னாண்ணா, டவரு ஃபுல்லா கீது, கேக்கலன்றே?” என்று போனைப் பிடுங்கினான். “அக்கா, நான் ஆறுமுகம். அண்ணன் பேஜாராகீறாரு. நீ தைரியமா போ. ஏசப்பா உன் கூடவே கீறாரு. ஏசப்பா, எங்க அக்காவ பாத்துக்கோ!”

அவன் போனோடு கைகூப்பியதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், “ஆமீன்” என்றார். என் வாயிலிருந்து அதுகூட வரவில்லை.

எஸ்தர் பிழைத்துக்கொண்டாள். மயக்கம் தெளிந்ததும், “அந்தத் தம்பிக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லுங்க” என்றாள். சிக்னலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டவர் இருக்கிறது என்று ஆறுமுகம் சொன்னது அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? அவள் என்னிடம் விசாரித்திருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். இத்தனை வருடம் நான் கூச்சம் என்று சொல்லிக்கொண்டது கூச்சம்தானா, இல்லை இயேசுவை மறுதலித்ததா என்று எனக்கே தெரியவில்லை.

இங்கே ஆராதனை வெள்ளிக்கிழமை, சேலையூரில் ஞாயிற்றுக்கிழமை. நேற்று இங்கே கடைசி வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வந்தேன். நாளை அங்கே எஸ்தர், பக்கத்தில் எனக்கு ஓர் இடம் விட்டு உட்கார்ந்து, என் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபிப்பாள். இரண்டு சபைக்கும் நடுவில் உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன். இன்று ஆகஸ்ட் 9, சனிக்கிழமை.